நாகை–காங்கேசன்துறைக் கப்பல்: அரசு தரும் பணம் எதற்குப் போய்ச் சேர வேண்டும்?

நாகூர்க்கரை எழுதியது:

நான் நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரன். 2023 அக்டோபர் 14 அன்று 'செரியபாணி' என்ற பயணிகள் கப்பல் இலங்கையின் காங்கேசன்துறையை நோக்கிக் கடுவையாற்று முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போனபோது கரையில் நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். அன்று கப்பலில் ஏறியவர்கள் 50 பேர். என் பக்கத்தில் நின்ற பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிறுவயதில் இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறிப் போனவராம். ஒரு வாரம் ஆகுமுன்பே அந்தப் பருவத்துக்கான சேவை முடிந்துவிட்டது. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டது என்றார்கள்.

பிறகு 2024 ஆகஸ்ட் 16 அன்று ஒரு தனியார் நிறுவனத்தின் 'சிவகங்கை' வந்தது. நவம்பரில் அதுவும் நின்றது. 2025 பிப்ரவரி 22 அன்று மீண்டும் புறப்பட்டது.

இதற்கிடையில் அரசு உதவவில்லை என்று சொல்ல முடியாது. நாகைத் துறைமுகத்தில் கப்பலுக்கு ஆகும் செலவுகளை ஈடுகட்ட, மாதம் இரண்டரைக் கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் ஓராண்டுக்குத் தருவதாக இந்திய அரசு அறிவித்தது. காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க 6.15 கோடி டாலர் மானியம் தர முன்வந்தது. இலங்கை அரசு கப்பலில் புறப்படும் பயணிகளுக்கான வரியைக் குறைத்தது.

இவ்வளவு செய்தும் மார்கழி மாதத்தில் ஒருவர் கப்பலை நம்பிப் பயணத் தேதி குறிக்க முடியவில்லை. ஆகவே இந்த இழையைத் தொடங்குகிறேன். உதவி துறைமுகத்துக்கா, கப்பலுக்கா, டிக்கெட்டுக்கா? கடலையும் கணக்கையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் ஊர் வணிகர்களும் பயணிகளும் சேர்ந்து ஒரு மனு எழுத எண்ணியிருக்கிறோம்.

——

வரவுசெலவு எழுதியது:

முதலில் அடிப்படைக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். 150 பேர் ஏறும் கப்பலுக்கு வரி கட்டுபவன் ஏன் பணம் தர வேண்டும்? சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு விமானம் இருக்கிறது. 2025 மார்ச்சிலிருந்து திருச்சியிலிருந்தும் இருக்கிறது. மக்களுக்குக் கப்பல் உண்மையிலேயே தேவையென்றால் அது தன் காலில் நிற்க வேண்டாமா? 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' ஓடத் தொடங்கியது. ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய பெரிய கப்பல். அந்த ஆண்டு நவம்பரிலேயே நின்றுபோனது. ஆள் சேரவில்லை. அந்தப் பாடத்தை மறக்கக் கூடாது.

எதிர்ப்பதற்காக எழுதவில்லை. உதவி செய்தால் அதற்கு ஒரு கணக்கு வேண்டும் என்கிறேன்.

——

வடமராட்சி வாசகி எழுதியது:

வரவுசெலவு அண்ணாவுக்கு என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு 71 வயது. சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரை பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. யாழ்ப்பாணத்தவர்களுக்கும் சிதம்பரத்துக்கும் உள்ள உறவு எத்தனை தலைமுறை பழையது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் முன்னோர் அங்கே மடங்கள் கட்டி, அவற்றுக்கு இங்கே காணிகளையும் எழுதிவைத்தார்கள். அந்த நாட்களில் வல்வெட்டித்துறையிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் பாய்க்கப்பல்கள் நாகப்பட்டினத்துக்குப் போய் வந்தன. இன்று அம்மா சிதம்பரம் போவதென்றால் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து இரவு முழுவதும் பஸ்ஸில் திரும்பித் தெற்கே வர வேண்டும். நாகையில் இறங்கினால் சில மணி நேரத்தில் கோயில் வாசல். மூட்டுவலி உள்ள ஒருவருக்கு இந்த வித்தியாசம் என்னவென்று கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பொதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலியாணத்துக்குச் சேலை எடுக்கப் போகிறவர்கள், மருந்து வாங்கப் போகிறவர்கள், அங்கே படிக்கும் பிள்ளைக்கு மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கொண்டுபோகிற தாய்மார், இவர்கள் எல்லோருக்கும் விமானத்தில் அனுமதிக்கும் நிறை போதாது. கப்பலை நாங்கள் விரும்புவதற்கு அதுவே பாதிக் காரணம்.

ஆனால் நாகூர்க்கரை ஐயா சொன்னதுபோல், அம்மாவுக்கு வேண்டிய மாதத்தில் கப்பல் இல்லை.

——

நாகூர்க்கரை எழுதியது:

தங்கை, நீங்கள் சொன்னதைப் படித்ததும் ஒன்று உறைத்தது. எங்கள் பக்கத்து விழாக்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. அதற்குக் கடல் அமைதியாக இருக்கும், கப்பல் ஓடும். சிதம்பரம் திருவாதிரை மார்கழியில். அப்போது கப்பல் இல்லை. நாகூர் கந்தூரி பிறைக் கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும். 2024-இல் அது டிசம்பரில் வந்தது. கப்பல் நவம்பரிலேயே நின்றிருந்தது. கொழும்பிலிருந்தும் கிழக்கு மாகாணத்திலிருந்தும் வரக்கூடிய எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த வழி இல்லாமல் போயிற்று.

ஆள் சேரவில்லை என்று சொல்வதற்கு முன், ஆள் வருகிற நாட்களில் கப்பல் இருந்ததா என்று கேட்க வேண்டும்.

——

இயந்திர அறை எழுதியது:

நான் தூத்துக்குடி. வணிகக் கப்பல்களில் இயந்திரப் பொறியாளராக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாக் நீரிணையில் கப்பல் ஓடவே முடியாத மாதம் என்று ஒன்று கிடையாது. எந்தக் கப்பல் என்பதுதான் கேள்வி. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 'கர்சன்', 'எல்ஜின்', 'ஹார்டிஞ்ச்' என்ற நீராவிக் கப்பல்கள் ஓடின. அது குறுகிய வழி, சரிதான். ஆனால் அவை கனமான கப்பல்கள். 'செரியபாணி' அப்படியல்ல. அது லட்சத்தீவுக்கான அதிவேகப் படகு. அந்தப் பெயரே அங்குள்ள ஒரு பவளத்திட்டின் பெயர்தான். இவ்வகைக் கலங்களை எடை குறைவாகக் கட்டுவார்கள். அலை எவ்வளவு உயரம் வரை ஓடலாம் என்று சான்றிதழிலேயே வரம்பு விதித்திருப்பார்கள். அந்த வரம்பைத் தாண்டினால் மாலுமி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கட்டிய கயிற்றை அவிழ்க்கக் கூடாது. நவம்பரில் நிறுத்தினார்கள் என்றால் அது பொறுப்பான முடிவு. அந்த மாலுமிகளை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்தது எரிபொருள். சாதாரண உடலமைப்புள்ள கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் இயந்திரத்தின் திறன் ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். நாகையிலிருந்து காங்கேசன்துறை 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர். நான்கு மணி நேரத்துக்குள் போகிறார்கள். அதையே ஆறு மணி நேரமாக வைத்துக்கொண்டு, கனமான உடலும் சரக்கு அறையும் உள்ள கப்பலை ஓட்டினால், எரிபொருள் செலவு இறங்கும். ஆண்டில் ஓடும் நாட்கள் கூடும். ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாதது, மணல் வந்து அடைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே கப்பல் நீருக்குள் அமிழும் ஆழத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குள் அடங்குகிற கப்பலை வடிவமைப்பது நம் நாட்டுக் கட்டுந்தளங்களுக்கு முடியாத வேலையல்ல.

மூன்றாவது, எல்லோரும் மறந்துவிடுவது. கப்பல் சும்மா நின்றாலும் செலவு ஓடும். மாலுமிகளின் சம்பளம், காப்பீடு, கடன் வட்டி, ஆண்டுச் சான்றிதழுக்கான பராமரிப்பு, இவையெல்லாம் 12 மாதத்துக்கும் உண்டு. எட்டு மாதம் மட்டும் ஓடும் கப்பல் அந்தப் பன்னிரண்டு மாதச் செலவையும் எட்டு மாத டிக்கெட்டில் ஏற்றியாக வேண்டும். துறைமுகக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். ஆனால் நோய் இருப்பது கப்பலில்.

ஆகவே என் பதில்: பணத்தைக் கப்பலில் போடுங்கள். இந்தக் கடலுக்கென்றே ஒரு கப்பல்.

——

பாம்பன் மேடு எழுதியது:

இயந்திர அறை ஐயா கர்சனையும் எல்ஜினையும் சொன்னதால் ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தக் கப்பல்கள் ரயில் கம்பெனியின் ஏற்பாட்டில் ஓடியவை. எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறுகிறவர் கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட் எடுத்தார். கப்பல் தனியாக லாபம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ரயிலின் இரண்டு பக்கத்து வருமானமும் அதைத் தாங்கியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் 'இராமானுஜம்' கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. எங்கள் தாத்தா அதில் பல முறை போயிருக்கிறார். போர் மூண்டதும் எண்பதுகளில் அதுவும் நின்றது.

இப்போது நாகைக் கப்பல் சொல்லும் நேரம் ஒன்று, நாகைக்கு வரும் ரயிலின் நேரம் இன்னொன்று. நாகை ரயில் நிலையம் துறைமுகத்துக்கு அருகில்தான் இருக்கிறது. கப்பலுக்கும் ரயிலுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கொடுப்பதற்குக் கோடிகள் வேண்டாம், இரண்டு துறைகள் உட்கார்ந்து பேசினால் போதும். இராமேஸ்வரம்–தலைமன்னார் சேவையையும் விரைவில் தொடங்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் இரு நாடுகளின் கூட்டறிக்கை சொல்கிறது. எங்கள் ஊர் அதற்காகக் காத்திருக்கிறது.

——

வரவுசெலவு எழுதியது:

இயந்திர அறை ஐயாவின் விளக்கம் எனக்குப் புதியது. நன்றி. எட்டு மாத ஓட்டத்தில் பன்னிரண்டு மாதச் செலவு என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். 2023-இல் டிக்கெட் விலை 6,500 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 7,670. ஒரு கையால் உதவித்தொகை, மறுகையால் வரி. சேவையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று அரசு முடிவு செய்தபின் அந்த 1,170 ரூபாயை வாங்கியது எனக்கு நியாயமாகப் படவில்லை.

விமானத்துக்கு 2016-இல் 'உடான்' திட்டம் வந்தபோது, சிறிய ஊர்களுக்கான வழிகளில் கட்டணத்துக்கு வரம்பு வைத்து, நட்டத்தை ஈடுகட்டும் தொகையை ஏலத்தின் வழியே தந்தார்கள். குறைந்த தொகை கேட்பவருக்கு வழி கிடைக்கும். கப்பலுக்கும் அப்படியே செய்யலாமே? அப்படியானால் நான் ஆதரிக்கிறேன்.

——

பேர்கன் தமிழன் எழுதியது:

நான் நோர்வேயின் பேர்கன் நகரில் 26 வருடமாக இருக்கிறேன். ஊர் தெல்லிப்பழை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் புகையைப் பார்த்து வளர்ந்தவன்.

இங்கே பேர்கனிலிருந்து வடக்கே சிர்கெனெஸ் வரை ஒரு கரையோரக் கப்பல் சேவை இருக்கிறது. 1893-இல் தொடங்கியது. வழியில் 34 துறைகள். குளிர்காலத்தில் அந்தக் கடலின் சீற்றத்தைப் பார்த்தவர்கள் பாக் நீரிணையைக் குளம் என்பார்கள். ஆனாலும் ஒப்பந்தப்படி ஆண்டு முழுவதும், நாள்தோறும் கப்பல் புறப்பட வேண்டும். இப்போது இரண்டு நிறுவனங்கள் அதைப் பங்கிட்டு ஓட்டுகின்றன. அரசு அவற்றுக்குப் பணம் கொடுக்கிறது. எதற்குக் கொடுக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு அரசு வாங்குவது ஒரு வாக்குறுதியை. சுற்றுலாப் பயணி வராத ஜனவரியிலும், ஐந்தே பேர் ஏறுகிற சிறிய துறையிலும் கப்பல் வந்து நிற்கும் என்ற வாக்குறுதி.

வரவுசெலவு சொன்ன ஏலம் நல்லது. ஆனால் 'உடான்' வழிகளில் பல, உதவிக் காலம் முடிந்ததும் நின்றுபோயின. காரணம் உதவி மூன்று வருடம்தான். கப்பல் கட்டுகிறவனுக்கு மூன்று வருடம் போதாது. பத்து வருட ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் வங்கி கடன் கொடுக்கும், இந்தக் கடலுக்கான கப்பலை அவன் கட்டுவான். ஓராண்டு உதவி என்று அறிவித்தால், எங்கேயோ கிடைத்த கப்பலைக் கொண்டுவந்து விடுவான்.

——

தீவக ஆசிரியை எழுதியது:

எல்லோரும் பெரிய கடலைப் பேசுகிறீர்கள். என் சின்னக் கடலையும் கேளுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவில் படிப்பித்தேன். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். 'குமுதினி' என்ற அரசாங்கப் படகும் தனியார் படகுகளும் ஓடுகின்றன. குமுதினி என்ற பெயரைக் கேட்டாலே எங்களுக்கு 1985 மே 15 நினைவுக்கு வரும். அந்தப் படகில் போனவர்களை நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகும் நாங்கள் அதே கடலைத்தான் கடந்து போகிறோம், வேறு வழி இல்லை.

காற்றுக் காலத்தில் ஒரு முறை என் மாணவியின் தாய்க்குப் பேறுவலி கண்டது. படகு புறப்பட முடியாது என்றார்கள். காலையில்தான் கொண்டுபோக முடிந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த இரவை நான் மறக்கவில்லை. நெடுந்தீவில் பிறந்தவள் என்பதற்காக ஒருத்தி இப்படிக் காத்திருக்க வேண்டுமா?

எங்களுக்குப் படகு என்பது வீதி. காரைநகருக்கும் ஊர்காவற்துறைக்கும் இடையே ஓடும் மிதவையை நாங்கள் 'பாதை' என்றுதான் சொல்கிறோம். அதை ஓட்டுவது வீதி அபிவிருத்தி அதிகார சபை. மட்டக்களப்பில் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையேயும் அப்படி ஒரு பாதை உண்டு. அந்தச் சொல்லில் ஓர் உண்மை இருக்கிறது. வீதியில் போகிறவரிடம் யாரும் லாபக் கணக்குக் கேட்பதில்லை. தார் போடுகிற செலவை அரசு ஏற்கிறது. கடல் குறுக்கே கிடந்தால் மட்டும் ஏன் கணக்கு மாற வேண்டும்?

நாகைக் கப்பலுக்கு உதவுங்கள், நானும் அதில் போக விரும்புகிறேன். ஆனால் கொழும்பில் இருப்பவர்கள் பிராந்தியக் கப்பல் சேவை என்று பேசும்போது நெடுந்தீவையும் அனலைதீவையும் எழுவைதீவையும் சேர்த்தே பேச வேண்டும். காங்கேசன்துறைக்கு வரும் கோடிகளில் ஒரு சிறு பங்கு, காற்றுக் காலத்திலும் நோயாளியை ஏற்றக்கூடிய ஒரு படகுக்குப் போதும்.

——

வடமராட்சி வாசகி எழுதியது:

அக்கா, அந்த இரவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துச் சிறிது நேரம் எதையும் எழுத முடியவில்லை. மனுவில் இது கட்டாயம் இருக்க வேண்டும்.

——

பாம்பன் மேடு எழுதியது:

மீனவர்கள் சார்பில் ஒரு வேண்டுகோள். கப்பல் போகும் தடத்தை முன்கூட்டியே இரு கரை மீனவர் சங்கங்களுக்கும் சொல்ல வேண்டும். இரவில் வலை விரித்திருக்கும் இடத்தில் கப்பலின் சுழலி புகுந்தால் ஒரு குடும்பத்தின் ஆண்டு முதலே போய்விடும். இழப்பீட்டுக்கு ஒரு வழியை ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது நல்லது. ஏற்கெனவே எங்கள் ஆட்கள் அந்தக் கடலில் படகையும் இழந்து சிறையிலும் இருக்கிறார்கள். புதிதாக ஒரு வழக்கு வேண்டாம்.

——

இயந்திர அறை எழுதியது:

பேர்கன் தமிழன் சொன்ன 'வாக்குறுதி' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். அது எங்கள் ஊர்க் கதைதான்.

1906-இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடி–கொழும்பு வழியில் ஓடின. எதிரே பிரிட்டிஷ் இந்தியா என்ற ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி. அவர்கள் கட்டணத்தைக் குறைத்தார்கள், பிறகு இலவசமாகவே ஏற்றினார்கள், ஏறியவர்களுக்குக் குடையும் கொடுத்தார்கள் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். அவர்களால் அப்படி நட்டத்தைத் தாங்க முடிந்ததற்குக் காரணம், அவர்களுக்குப் பின்னால் அரசு இருந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். கம்பெனி அதன்பின் தாக்குப்பிடிக்கவில்லை.

கப்பல் தொழிலில் அரசு யார் பக்கம் நிற்கிறது என்பது எப்போதுமே விளைவைத் தீர்மானித்திருக்கிறது. இந்த முறை நம் அரசு, நம் கப்பல், நம் பயணி. எல்லாம் ஒரே பக்கத்தில் நிற்கும் வாய்ப்பு. அதை ஓராண்டு ஓராண்டாகத் துண்டு போட்டுக் கொடுக்க வேண்டாம் என்று மனுவில் அழுத்தமாக எழுதுங்கள்.

சரக்கையும் விடாதீர்கள். எங்கள் தோணிகள் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப் போகின்றன. பயணிகளோடு சில டன் சரக்கும் ஏறினால் ஆள் குறையும் நாட்களில் அதுவே கப்பலைக் காப்பாற்றும்.

——

வரவுசெலவு எழுதியது:

நான் தொடங்கிய இடத்திலிருந்து நகர்ந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியை அம்மா கேட்ட வீதிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைக்கிறேன். உதவித்தொகையை மாதத்துக்கு இவ்வளவு என்று தரக் கூடாது, புறப்பட்ட பயணத்துக்கு இவ்வளவு என்று தர வேண்டும். ஓடாத நாளுக்குப் பணம் இல்லை. பருவமழை மாதங்களில் ஓடிய பயணத்துக்குக் கூடுதல் தொகை. ஏறிய பயணிகள் எத்தனை, ரத்தான பயணங்கள் எத்தனை என்பதை மாதந்தோறும் வெளியிட வேண்டும்.

——

இயந்திர அறை எழுதியது:

அதில் ஒரு திருத்தம். கூடுதல் தொகை வைத்தால், ஓட்டக் கூடாத நாளில் ஓட்டும் ஆசை வரும். கடலில் அது உயிரோடு விளையாடுவது. புறப்படலாமா என்பதை மாலுமியும் துறைமுக அதிகாரியும் முடிவு செய்ய வேண்டும். வானிலையால் நின்ற பயணத்துக்கு நிலையான செலவை மட்டுமாவது கொடுத்துவிட வேண்டும். நிறுவனத்தின் பழுதாலோ ஆள் இல்லாததாலோ நின்றால் ஒரு காசும் வேண்டாம்.

——

வரவுசெலவு எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. நான் யோசிக்காத ஆபத்து அது.

——

நாகூர்க்கரை எழுதியது:

இன்று மாலை நான்கு பேர் உட்கார்ந்து மனுவின் முதல் வரைவை எழுதினோம். இப்படி வந்திருக்கிறது:

நாகை–காங்கேசன்துறை வழிக்குப் பத்தாண்டு ஒப்பந்தம். பருவமழைக் காலத்திலும் பெரும்பாலான நாட்கள் ஓடத்தக்க, சரக்கு அறையுள்ள கப்பல் என்பது ஏலத்தின் முதல் தகுதி. உதவித்தொகை பயணக் கணக்கில், இயந்திர அறை ஐயா சொன்ன திருத்தத்தோடு. டிக்கெட்டுக்கு வரிவிலக்கு. ரயிலுக்கும் கப்பலுக்கும் ஒரே டிக்கெட். கந்தூரி, திருவாதிரை, வேளாங்கண்ணித் திருவிழா நாட்களில் கூடுதல் பயணம். தடம், இழப்பீடு பற்றி மீனவர் சங்கங்களோடு முன்கூட்டிப் பேச்சு.

தீவுகளுக்கான படகைப் பற்றி நாங்கள் இந்தியப் பக்கத்திலிருந்து கேட்க முடியாது. ஆசிரியை அக்கா அதை யாழ்ப்பாணத்தில் தனி மனுவாக எழுதினால், இரண்டையும் ஒரே நாளில் கொடுக்கலாம். நாகையில் மாவட்ட ஆட்சியரிடம், யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலாளரிடம்.

——

தீவக ஆசிரியை எழுதியது:

எழுதுகிறேன். நெடுந்தீவில் கையொப்பம் சேகரிக்க இரண்டு வாரம் வேண்டும். படகு கிடைக்கும் நாளைப் பொறுத்து ஒன்றிரண்டு நாள் கூடலாம்.

——

வடமராட்சி வாசகி எழுதியது:

பருத்தித்துறையில் நான் சேர்க்கிறேன். முதல் கையொப்பம் அம்மாவுடையது. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கவும் விண்ணப்பித்துவிட்டார்.